வாடகை வாங்காத வீட்டுக்காரன்

கச்சிராயபாளையம்
தை 20

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், கோமுகி அணைத் தண்ணீர் புண்ணியத்தில் கரும்பும் நல்ல சுகம். அந்த டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க அய்யனார் துணை. ரூம் கிடைத்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதும் உன் அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். ஆனால் அதே மூச்சில், மானத்தை வாங்கிட்டீங்கப்பா என்று என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது, அதனால்தான் முறுக்குப் பார்சலோடு இந்தக் கடிதம்.

நீதானே பாப்பா சொன்னாய், ஒரு ரூமுக்கு மாசம் நம்ம பணத்தில் எண்பதாயிரம் கேட்கிறார்கள், ஐந்து பெண்கள் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குகிறோம், மாசக் கடைசிக்குள் இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் தனியாக இருக்கிற ஓர் அம்மா ரூம் தருகிறேன், முன்பு நீ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நற்சான்று தரவேண்டும் என்றாராம். நீ வீட்டுக்காரர் என்று என் பேரைக் கொடுத்துவிட்டாய். அவர் கேட்ட கேள்விகள் ஈமெயிலில் கந்தசாமியின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தன. ஆலைக்குக் கரும்பு பதிகிற படிவத்தில் ஒரு சென்ட் நிலம் கூட்டிச் சொன்னாலும் கரும்பு வெட்ட ஆலை தருகிற கட்டிங் ஆர்டர் நின்றுவிடும் என்று முப்பது வருஷமாகப் பயந்து பயந்து எழுதினவன் நான், எனக்குப் பொய் எங்கே வரும்? வாடகை ஒழுங்காகக் கொடுத்தாளா? இருபத்துமூன்று வருஷமாக ஒரு பைசா கொடுத்ததில்லை. சுத்தமாக வைத்துக்கொள்வாளா? காபி டம்ளர் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சத்தம் போடுவாளா? அவள் அம்மாவோடு மட்டும். கந்தசாமி அப்படியே இங்கிலீஷில் அடித்து அனுப்பிவிட்டான். உன் அம்மா, "இன்னாய்யா எழுதிட்டு வந்து நிக்கிற, பொண்ணு தெருவுலதான் நிக்கப் போவுது" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்து, வாடகையிலும் பத்தாயிரம் குறைத்தார் என்றால் நான் எழுதியதில் என்ன தப்பு? முறுக்கில் பாதியை அவருக்குக் கொடு. டம்ளரை அன்றன்றைக்கே கழுவிவிடு.

கடைசிக் கேள்வியை அவர் உனக்குக் காட்டினாரோ என்னவோ. இவளுக்கு மறுபடியும் வீடு கொடுப்பீர்களா என்று இருந்தது. டீச்சர் ஜெயம்மாள் வாடகைக்குக் கேட்டும் அவள் ரூமை நாங்கள் விடவில்லை, எப்போது வந்தாலும் அது அவளுடையதுதான் என்று எழுதச் சொன்னேன். அதை மட்டும் கந்தசாமி இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல் இரு. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் பழைய வீட்டுக்காரன்,
அப்பா கண்ணாயிரம்