ஒரு தடவைக்கு இரண்டு பிள்ளைகள்

மார்ச் 3, செவ்வாய்

விடியத் தொடங்கிய மழை. டிராம் தாமதம், கடைக்குப் பாண் வரவும் தாமதம். சுகந்தி காலையில் அயர்லாந்துக்குப் போய்விட்டாள். ஒரு கிழமை, ஏழு நாள். சின்ன ஊர்களின் லைப்ரரிகளில் தன் சிறுவர் புத்தகத்தை வாசித்துக் காட்ட. முடிவில் ஏதோ இலக்கிய விழாவாம்.

வெளிக்கிடும்போது மனைவியாக இருந்தாலும் "எங்கே" என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் தடங்கும் என்று வளர்ந்தவன். கேட்கவில்லை. இப்போது எந்த ஊர், யார் வீடு, ஒன்றும் தெரியாது.

டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் விழாக்காரர் செலவு. இவ்வளவு மெல்லிய புத்தகத்துக்கா? கடைக்கு இலவச சாம்பிள் கொண்டுவருகிறவனை எனக்குத் தெரியும். அடுத்த முறை ஓர்டர் கொப்பியை நீட்டுவான்.

பார்க்க: பால், முருங்கைக்காய், ஃபிரிட்ஜ்காரனுக்கு போன். என் மண்ணிறக் கடைக்கோட்டைக் காணவில்லை. எவன் எடுத்தான்?

மார்ச் 4, புதன்

கடும் குளிர். பின்னேரம் சுகந்தி போன் எடுத்தாள்.

"ஸ்டேஷனுக்கு ஆர் வந்தது?"

"லைப்ரரியன். தாடி வைச்ச மனிசன். நல்லவர்."

"எவ்வளவு தாடி?"

"இஞ்சருங்கோ, உங்களுக்கு வேற வேலை இல்லையே?"

பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு. தேவைக்கு அதிகமான சிரிப்பு. என்ன கதை வாசித்தாய் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? முதல் பிரதி வந்த அன்றே சந்தனம், குங்குமம் பூசி, கல்லாவுக்கு மேலே முருகன் படத்தடியில் வைத்தேன். சாமிக்கு வைத்ததை எடுத்துப் புரட்டுகிற வழக்கம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் வழக்கமான கூட்டம். களவுக்குப் பயந்து கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன்: ஒரு தடவைக்கு இரண்டு பிள்ளைகள் மட்டும், பை வெளியில். அப்படியும் உள்ளே வரப் பார்க்கிறார்கள். "டூ ஒன்லி" என்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஜெயா அக்கா, தயிர் வாங்க. போனை நீட்டினார்.

"தம்பி, உம்மட மனிசியைப் பாரும்."

அயர்லாந்தில் ஸ்லைகோ என்ற ஊரில் எடுத்த வீடியோ. சுகந்தியின் உடம்பில் என் கடைக்கோட்டு. என் நடை, கழுத்தை நீட்டிப் பார்க்கிற என் பார்வை. விரலைத் தூக்கி "டூ ஒன்லி" என்கிறாள். அவ்வளவு பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிறார்கள், உருண்டு சிரிக்கிறார்கள்.

"அச்சொட்டா நீர்தான்."

"அது கதை, அக்கா."

"ஓம், ஓம், கதைதான். கோட்டு மட்டும் உண்மை."

தயிரை மறந்துவிட்டுப் போனார். நாளை வெள்ளி. அக்கா வாயால் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜேர்மனியில் கோப்பை கழுவி, இங்கே வந்து ஒரே ஒரு சாமான் றாக்கையோடு தொடங்கிய கடை. இப்போது அயர்லாந்துப் பிள்ளைகள் சிரிக்க ஒரு பகிடி.

மார்ச் 6, வெள்ளி

நானே போன் எடுத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தப் பிள்ளையள் சிரிக்கிறது என்னைப் பாத்தோ?"

"ஓம்."

இல்லை என்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்குச் சொல்லாமல் செய்தனீர்."

"புத்தகத்தைக் கையில தந்தனான். நீங்கள் சாமிக்கு முன்னால வைச்சீங்கள். வாசிச்சிட்டுத்தான் வைச்சீங்கள், சம்மதம் எண்டு நினைச்சன்."

"சாமிக்கு வைச்சதை ஆர் திறந்து பாக்கிறது?"

"அப்ப ஒரு பக்கமும் பாக்கேல்லையோ?"

குரல் உடைந்திருந்தது. குற்றம் பிடிக்கப் போனவன் நான். எங்கே திரும்பியது என்று விளங்கவில்லை.

"கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் நாளைக்கு விழாவில வாசிக்கமாட்டன். பிறகும் வாசிக்கமாட்டன்."

மார்ச் 7, சனி

கடை திறக்கமுன் புத்தகத்தை இறக்கினேன். சந்தனம் காய்ந்து அட்டை ஒட்டிப்போய் இருந்தது. கத்தியால் மெல்லப் பிரித்தேன்.

கதையில் ஒரு கொழுத்த கடைக்காரன். பிடரியிலும் இரண்டு கண். மூக்கு சத்தியமாக என்னுடையது. பக்கத்துக்குப் பக்கம் களவுச் சந்தேகம்: பைக்குள், தொப்பிக்குள், ஒரு குழந்தையின் கன்னத்துக்குள்கூட. நல்ல கோபம் வந்தது. ஒரு இடத்தில் சிரிப்பும் வந்தது, கன்னத்துக்கு.

கடைசிப் பக்கத்தில் எழுத்து இல்லை, படம் மட்டும். மழை விட்டிருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் வெளியே, ரோட்டில். கடைக்காரன் உள்ளே தனியாக, கதவுக் கண்ணாடியில் மூக்கை அமத்தி அவர்களைப் பார்த்தபடி.

பால்காரன் வந்து தட்டும்வரை அந்தப் பக்கத்திலேயே நின்றேன்.

மெசேஜ் போட்டேன்: வாசியும். கோட்டைத் தோய்த்துக் கொண்டுவாரும்.

மார்ச் 9, திங்கள்

வெயில். ஃபிரிட்ஜ்காரன் இன்னும் வரவில்லை, பொய்யன்.

பின்னேரம் சுகந்தி வந்தாள். சூட்கேசோடு வெளியிலேயே நின்று கதவைப் பார்த்தாள். அறிவிப்பில் இரண்டை வெட்டி மேலே எழுதியிருந்தேன்.

"மூண்டோ?" என்றாள்.

"மூண்டு. பை வெளியிலதான்."