கண்டக்டரிடம் மிஞ்சிய சொல்

மார்ச் 4, 2024, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இருபது நாள். இவருக்கு வலது கையும் காலும் இன்னும் எழவில்லை. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ‘ரைட்.’ முப்பத்திரண்டு வருஷம் தலவாக்கலை–பூண்டுலோயா பஸ்ஸில் கண்டக்டராக நின்று சொன்ன சொல். வலப் பக்கமே விழுந்துபோன மனுஷனுக்கு மிஞ்சியது ரைட்டாம்! சிரித்துவிட்டேன். இவரும் கோணிய வாயால் சிரித்தார். அப்புறம் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

மார்ச் 6

பசிக்கிறதா என்றால் ரைட். பசிக்கவில்லையா என்றாலும் ரைட். ஆண்டவரே, பொறுமையைக் கொடும்.

மார்ச் 10, ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

உட்கார்ந்து யோசித்தேன். நல்லாயிருந்த காலத்திலும் இவர் பேச்சில் பாதி ரைட்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தினமும் இவருடைய பஸ்தான். நான் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, குடையை மடக்கிய பிறகுதான் ரைட் என்பார். மற்றவர்களுக்கு ஒரு கால் படியில் பட்டால் போதும்! என் அப்பா சம்மதம் சொன்ன அன்று தலை குனிந்து ஒரு ரைட். எங்களுக்குள் சண்டை வந்தால், இனிப் பேச ஒன்றுமில்லை என்பதற்கு இன்னொரு ரைட். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய அம்மாவைக் குழியில் இறக்கியபோதும் மெதுவாக அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. ஒவ்வொரு ரைட்டும் எனக்கு அப்போது விளங்கியது. இப்போது ஒன்றுமே விளங்கவில்லை.

மார்ச் 15

இடது கை சும்மா இருப்பதில்லை. நாற்காலிக் கையை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறார். இன்று தலைவலி. “கொஞ்சம் சும்மா இருங்களேன்!” என்று கத்திவிட்டேன். நிறுத்திவிட்டார்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

மகன் றிச்சர்ட் வத்தளையிலிருந்து வந்தான். அப்பாவை அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறானாம். நானும் கூட. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில். இந்த வீட்டைப் பூட்டிவிடலாம் என்கிறான்.

“அப்பா, எங்ககூட வந்துருறீங்களா?”

“ரைட்.”

“பாத்தீங்களாம்மா, வாறேங்கிறாரு.”

பசிக்கிறதா என்றாலும் அதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? இவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. அதுதான். எனக்கும் அந்த ஆமாம் தேவையாக இருந்தது.

ஏப்ரல் 2

மூட்டை கட்டுகிறேன். பழைய காக்கிச் சட்டை கிடைத்தது. மடித்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி மடித்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 6, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் எங்களைக் கூட்டிப்போக வாடகை வான் வந்தது. ஓட்டி வந்தவர் செல்லசாமி. பதினெட்டு வருஷம் இவர் கண்டக்டராக நின்ற பஸ்ஸின் டிரைவர், இப்போது வான் ஓடுகிறார். இவரைத் தூக்கிக் கதவோரமாக உட்கார வைத்தோம். நான் வீட்டைப் பூட்டிவிட்டு ஏறினேன்.

“போலாமாப்பா?” என்றான் றிச்சர்ட்.

“ரைட்” என்றார் இவர்.

செல்லசாமி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“என்ன மாமா, அப்பாதான் ரைட்டுன்னுட்டாரே?”

“அண்ணன் கதவுல ஒரு தட்டுத்தான் தம்பி தட்டுனாரு. ஒண்ணுன்னா நிப்பாட்டு. ரெண்டுன்னாத்தான் போ.”

“வாயால சொன்னாரே!”

“அண்ணன் வாயால சொன்னத நா எந்தக் காலத்துல கேட்டேன்? அந்த எஞ்சின் சத்தத்துல வாய் எங்க கேக்கும்? வண்டி ஓட்டுனதெல்லாம் அந்தக் கைய நம்பித்தான்.”

நாற்காலியில் தட்டிய தட்டெல்லாம் – நான் சும்மா இருக்கச் சொன்ன தட்டெல்லாம் –

இவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். “வத்தளைக்குப் போவோமா?”

கதவில் ஒரு தட்டு.

“இங்கயே இருக்கணுமா?”

இரண்டு தட்டு. பலமாக.

றிச்சர்ட் அப்பாவின் மடியில் முகத்தை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். இவர் இடது கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மூட்டைகளை இறக்கினோம்.

ஏப்ரல் 7

பின்னேரம் றிச்சர்ட் கிளம்பினான். மாதம் ஒரு தடவை வருவானாம். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி, காலையில் இவரைத் தூக்கி உட்காரவைக்க வருகிறேன் என்றாள். செல்லசாமியும் வருவார். இவரை நாற்காலியோடு வாசலுக்குக் கொண்டுவந்து செல்லசாமியின் வான் பக்கத்தில் வைத்தோம். றிச்சர்ட் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை பார்த்திருந்துவிட்டு வானை இரண்டு தட்டுத் தட்டினார்.

“ரைட்.”

இதற்கு என்ன அர்த்தமென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 12

காலையில் தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒரு கரண்டி சீனி போட்டேன். இரண்டாவதை அள்ளியபோதுதான் கேட்கத் தோன்றியது.

“இன்னொன்னு போடவா?”

ஒரு தட்டு.

முப்பத்தாறு வருஷமாக இரண்டு கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன்.