முதுகில் எழுதிய சட்டை

மே 30, வெள்ளி

விடியும்போதே மழை. கோயில் வாசலைப் பெருக்கியது வீண். மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுபத்தோரு வயதில், நானே! ஞாயிறு தமிழ் வகுப்பில் என்னோடு படிப்பவர்கள் எல்லாம் என் இடுப்பு உயரம். நாலு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறினாலும் இனிக்கிறது.

இன்று படித்தவை: மணி, உபயம். மின்விசிறி, உபயம், மூன்று பேர். டியூப் லைட், பெயர் பெரிது, வெளிச்சம் கொஞ்சம். சிரித்துக்கொண்டேன்.

பிறகு கொடியில் காய்ந்த சாந்தியின் சட்டை. சாந்திக்குப் பத்து வயது. போன மழையில் இன்சீன் பக்கம் இருந்த வாடகை வீடு போனதிலிருந்து அவள், தம்பி, அம்மா மூவரும் நம் தேர்க் கொட்டகையில். பொங்கலுக்கு லத்தா கடைத்தெருத் துணிக்கடைக்காரர், பர்மிய மரியாதையில் 'ஊ' சேர்த்து எல்லோரும் அழைக்கும் ஊ மாணிக்கம், கொட்டகைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்தார். முதுகில் நீல எழுத்து. கூட்டிப் படித்தேன்: அனாதைப் பிள்ளைகளுக்கு மாணிக்கம் குடும்பத்தார் உபயம்.

சீ. பிள்ளை என்ன டியூப் லைட்டா? அனாதையாம். அம்மாக்காரி அந்தப் பக்கம் உட்கார்ந்து அவித்த கடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மாலை. என் மீதும் அருவருப்பு. சட்டை கொடுத்த அன்று, என்ன எழுதியிருக்கிறது என்று சாந்தி என்னிடம் கேட்டாள். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். உன் பேர்தான் என்றேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். பாழாய்ப்போன வாய்.

திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவளிடம் வேறு வெள்ளைச் சட்டை இல்லை. ஞாயிறு தமிழ் வகுப்பிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளே படிப்பதற்குள் மாற்ற வேண்டும்.

மே 31, சனி

பஸ்ஸில் லத்தா. குடை மறந்தேன். எழுத்தில்லாத சட்டை இரண்டு கேட்டேன். ஊ மாணிக்கம் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"பெரியவரே, அந்த ஸ்கூல்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் யாரு இருக்கான்? விடுங்க."

அப்புறம் யாருக்காக எழுதினார்? இது பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. கடையில் இருந்தபோதே போனில் படம் காட்டினார். பிள்ளைகள் வரிசையாகத் திரும்பி நிற்கிறார்கள். எல்லாம் முதுகு. ஒரு முகம் இல்லை. நல்லா வந்திருக்குல்ல என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சட்டை கிடைக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் சொல்லிவிட்டேன். அது உன் பேர் இல்லை, நான் சொன்னது பொய் என்று. சாந்தி தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் தாத்தா. தம்பி சட்டையிலயும் அதே எழுத்துதானே. ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"பொங்கலுக்கே தெரியுமா? ஏம்மா சொல்லல?"

"நீங்க சந்தோஷமா சொன்னீங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எனக்கு முன்பே படித்திருப்பாள்.

என் வெள்ளை வேட்டி, ஒன்றுதான் நல்லது, வெட்டியாயிற்று. இரண்டு சட்டைக்கும் முதுகுத் துணியை எடுத்துவிட்டு வேட்டித் துணி வைத்து அம்மாக்காரி தைத்தாள். பிடித்துக்கொடுத்தது நான். விரலில் ஊசி இரண்டு முறை.

ஜூன் 2, திங்கள்

தூறல். இருவரும் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பச்சைக் கைலி, வெள்ளைச் சட்டை. தெரு முனைவரை முதுகையே பார்த்தேன். படிக்க ஒன்றும் இல்லை.

கோயில் செயலாளர் வந்தார். உபயத் துணியை வெட்டினீர்களாமே, ஊ மாணிக்கம் கேட்டால் என்ன சொல்வது, வெட்டியது எங்கே என்றார். கையில் இருந்ததைக் காட்டினேன். அதை வைத்துத்தான் வாசற்படி துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு முறை பிழிந்தாயிற்று. நீலம் போக மாட்டேன் என்கிறது.