மான்ட்ரியலுக்கு இரண்டரை மணி நேரம்

ஏப்ரல் 14, காசாபிளாங்கா

அப்பா இன்றும் மசியவில்லை. நான் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஜவாத் நல்லவன், சம்பாதிக்கிறான், தொழுகிறான், எல்லாம் சரி. மான்ட்ரியலில் இருக்கிறானே, அதுதான் குற்றமாம். டாஞ்சியர் வரைக்கும் பெண் கொடுப்பாராம். காலையில் ரயிலேறி மகளைப் பார்த்துவிட்டு ராத்திரி தன் கட்டிலில் வந்து படுக்க வேண்டுமாம். டாஞ்சியர் இரண்டு மணி நேரம். மான்ட்ரியல் ஐயாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்! அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஏப்ரல் 16

விமான அட்டவணை பார்த்தேன். மாலை நான்கு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு இறங்குகிறது! அங்கே கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை நான் ஏன் வாயைத் திறந்து சொல்லணும்?

ஏப்ரல் 17

புதினா தேநீரோடு போய்க் காட்டினேன். "நாலுக்கு ஏறினா ஆறரைக்கு இறங்கிடலாம்பா. டாஞ்சியரை விட அரை மணிதான் கூட." கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார். "ம்" என்றார். நம்பிட்டாரா? நான் பொய் சொல்லலையே, அச்சடித்திருப்பதைத்தானே படித்தேன்.

ஏப்ரல் 20

சம்மதம்! ஜவாத்துக்குத்தான் உதறல். மாட்டிக்கொள்வோமாம். பயந்தாங்கொள்ளி.

ஜூன் 21

திருமண ஒப்பந்தம் எழுதும் பதிவாளர்கள், அதூல்கள், இரண்டு பேர் வந்தார்கள். எல்லாம் எழுதி முடிக்கும் நேரம் அப்பா தொண்டையைக் கனைத்தார். ஒரு நிபந்தனை சேர்க்கணுமாம்.

"மாப்பிள்ளை வீடு ரெண்டரை மணி தூரம்தான். அதனால வெள்ளிக்கிழமை தோறும் என் பொண்ணு இங்க வந்து என்கூட கூஸ்கூஸ் சாப்பிடணும். எழுதுங்க."

பேனா நின்றது. ஜவாத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏழரை மணி நேரம் ஆகும் மாமா" என்று உளறியேவிட்டான். போச்சு, எல்லாம் போச்சுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. சபையில கல்யாணம் நின்னா யார் முகத்தில் முழிப்பேன்?

அப்பா அதூலிடம் திரும்பினார். "அட்டவணையக் காட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். பையனுக்குப் பொய் வரல, பொண்ணைக் குடுக்கலாம். இவளை எப்படித்தான் சமாளிக்கப் போறானோ."

எல்லாரும் சிரித்தார்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் நான் அப்பாவோடு இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஜவாத் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

அடுத்த ஆண்டு மே 9, மான்ட்ரியல்

அப்பாவுக்கு விசா வந்துவிட்டது! அடுத்த வாரம் வருகிறார். டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வருவதற்கு மட்டும்தான் இருந்தது. திரும்பிப் போக எடுக்கவில்லையா என்று போனில் கேட்டேன்.

"அங்க வர்றது ரெண்டரை மணி, உக்காந்துடுவேன். திரும்பி வர்றதுக்குப் பார்த்தேன், ராத்திரி எட்டரைக்கு ஏத்திக்கிட்டு மறுநாள் காலையில எட்டரைக்குத்தான் இறக்கிவிடுறான். பன்னெண்டு மணி நேரம்! இந்த இடுப்பு தாங்காதும்மா."

சிரித்துச் சிரித்து, பேச முடியாமல் போனை வைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜவாத்திடம் சொன்னேன். அவன் எழுந்து போய், சின்ன அறையில் ஒரு கட்டில் போட இடம் வேண்டுமே என்று அங்கே கிடந்த சைக்கிளை வெளியே எடுத்து வைத்தான்.