ப்ரீசரில் ஒரு கிண்ணம் தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள தம்பி பல்புக்கு,

நலமா? வேன்காரர் கையில் ஐஸ் பெட்டி வந்து சேர்ந்திருக்கும். உள்ளே பதினாலு டப்பா. பருப்பு ஆறு, காய் நாலு, கோழிக் குழம்பு நாலு. ஒவ்வொரு மூடியிலும் தேதி ஒட்டியிருக்கிறேன். அப்பாவுக்குப் பல் இல்லை என்பதால் கோழியை எலும்பில்லாமல் உதிர்த்துப் போட்டிருக்கிறேன். அந்த நாலு டப்பாவும் அவருக்கு மட்டும்.

போனில் சொன்னால் நீ 'ம்' கொட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சின்னக் கிண்ணம் ஒன்றில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு காசை வைத்து அனுப்பியிருக்கிறேன். அதை ப்ரீசர் ஓரமாக வை. நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்தால், காசு அடியில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அத்தனையையும் குப்பையில் கொட்டு. யோசிக்காதே, என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் உங்கள் வயிற்றுக்கே எழுதிவைத்துவிட்டேன். டப்பாக்களைக் கழுவித் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

காலி டப்பா ஐந்து அனுப்பியிருக்கிறேன். கழுவித்தான். மோந்து பார்த்துவிட்டுத் திட்டாதே. ஒரு மூடி மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார். நேற்று, "உங்க அக்கா அங்க இருந்துக்கிட்டே நமக்குப் பரிமாறுறாப்பா" என்றார். ப்ரீசரில் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. உன் காசும் மேலேயே இருக்கிறது. நான் வயரிங் வேலைக்குப் பக்கத்து ஊர் வரை போய்வருகிறேன். அங்கேயே சாப்பாடு போட்டுவிடுகிறார்கள்.

உன் தம்பி,
பல்பு

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா இன்று கஞ்சி குடித்தாரா? அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அங்கிருந்து நேராக வேலைக்குத் திரும்பிவிட்டேன். உங்கள் வீட்டுக்குள் வந்து ப்ரீசரைப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. "கெட்டுப்போன சாப்பாடுதாம்மா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்."

அன்றைக்கு அவர் சாப்பிட்டது என் கோழி மட்டும்தான். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். காசு மேலேதானே இருந்தது? அந்த மூடியில் என்ன தேதி?

ஏன் கேட்கிறேன் என்றால், நடுவில் இரண்டாவது தடவை டப்பா அனுப்பினேனே, அதற்காக ஒரு வியாழக்கிழமை கோழி செய்தேன். இரட்டை டூட்டி முடிந்து வந்தவள், ஆறட்டும் என்று பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். காலையில்தான் டப்பாவில் அடைத்தேன். கிருமி எப்படிப் பெருகும் என்று நாளெல்லாம் பார்க்கிறவள் நான். எப்படி என் புத்தி மழுங்கியது?

அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா தேறிவிட்டார். நடக்கிறார். காசு மேலேதான் இருக்கிறது. மூடியில் இருந்த தாள் ஈரத்தில் ஊறிக் கழன்றுவிட்டது, தேதி தெரியவில்லை.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. யானைக்கும் அடி சறுக்கும். வேண்டுமென்றா செய்தாய்? அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கு உன்மேல் துளிகூடக் கோபம் இல்லை அக்கா.

தம்பி

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான் சமைப்பதை நிறுத்திவிட்டேன். உன் மாமா கடையில் வாங்கி வருகிறார். "அம்மா, ஒரு முட்டையாவது பொரிச்சுக் கொடு" என்று மகள் கேட்கிறாள். கை வரவில்லை. வேலையிலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக் குழாயின் சீட்டையும் நாலு தடவை பார்க்கிறேன். வேகம் போதவில்லை என்று என்னை வரவேற்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்பாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். "விடும்மா, தெரிஞ்சா செஞ்ச?" என்றார். ஆனால் அதன்பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். என்மேல் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதவன் நீ ஒருவன்தான். அதுதான் எனக்குத் தெம்பு.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

இதை நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

அன்று அப்பா சாப்பிட்டது உன் வியாழக்கிழமைக் கோழி இல்லை. மூடியில் மார்ச் இரண்டு என்று இருந்தது. தாள் கழன்று விழவில்லை, நான்தான் கிழித்தேன்.

முதல் டப்பாக்கள் வந்த அந்த வாரம், சனிக்கிழமை காலையில், ரிப்பேருக்கு வந்த ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்க ப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டாமலே வேலைக்குப் போய், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் கரண்ட் இழுத்துக் கொடுக்கிறவன் செய்த காரியம் இது. அப்பாவுக்கு இரண்டு நாளைக்கும் வேண்டியதைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்தேன், அதனால் அவரும் ப்ரீசரைத் திறக்கவில்லை. ஞாயிறு மாலை வந்து திறந்தால் எல்லாம் கொழகொழவென்று உருகிக் கிடந்தது, காசு அடியில் கிடந்தது. உன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. திட்டுவாயே என்று பயமும் இருந்தது. புதுத் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, காசை எடுத்து மேலே வைத்தேன். டப்பாக்களையும் அப்படியே அடுக்கிவிட்டேன்.

ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நீ பழியை உன் தலையில் போட்டுக்கொண்டபோது, அது தானாக ஆறிவிடும் என்றும் நினைத்தேன். என்னை மன்னித்துவிடு அக்கா. தயவுசெய்து சமை.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

பிளக்கைப் பிடுங்கியது மறதி. அதற்கு உன்னை வாய் வலிக்கத் திட்டியிருப்பேன், அடுத்த ஞாயிறே பழையபடி சமைத்தும் அனுப்பியிருப்பேன். நீ பயந்ததும் புரிகிறது. சின்ன வயதிலிருந்து உன்னை மிரட்டியே வைத்திருந்தவள் நான்தானே.

ஆனால் நான் செய்யாத தப்புக்கு நீ என்னை மன்னித்தாய். உனக்குக் கோபம் இல்லை என்று எழுதிய அந்தத் தாளைப் பர்ஸிலேயே வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவில் எடுத்து எடுத்துப் படித்தேன். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். அதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை அப்பாவை அழைத்துப்போக நானும் உன் மாமாவும் வருகிறோம். அவருடைய துணிகளையும் மாத்திரைகளையும் எடுத்து வை. அவர் இன்னும் என் கையைத்தான் சந்தேகப்படுகிறார். நாங்கள் வருவதற்குள் உண்மையை நீயே அவரிடம் சொல்லிவிடு.

நேற்று அடுப்பைப் பற்றவைத்தேன். அப்பா வந்தால் எவ்வளவு ஆகும் என்று பார்ப்பதற்காக பருப்பு அளந்தேன். கை பழக்கத்தில் உன் பங்கையும் சேர்த்து அள்ளிவிட்டது. அதை மட்டும் எடுத்துத் திரும்பக் கொட்டினேன்.

அக்கா