மூணாவது ஸ்பூன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்க முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடுறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன். காலையில பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல ஆஸ்பத்திரியில நர்ஸ் உதவியாளர் பயிற்சி.

நேத்து ஒரு சின்ன விஷயம், பயந்துடாதீங்க. பக்கவாதம் வந்த ஒரு தையல்காரம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். மூணாவது ஸ்பூன்ல புரை ஏறி முகமே நீலம் பாரிச்சிடுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கத்த மட்டும்தான் முடிஞ்சது. நர்ஸக்கா ஓடி வந்து, முன்னால சாய்ச்சு முதுகுல தட்டினப்புறம்தான் அவங்களுக்கு மூச்சு வந்தது.

"இனிமே வேற ஆள் ஊட்டட்டும்"னு அக்கா சொன்னாங்க. தையல்காரம்மா வாய் குழற, "இவளே ஊட்டட்டும். பயந்தவ அவசரப்பட மாட்டா"ன்னாங்க.

இன்னைக்கும் நான்தான் ஊட்டினேன். அரைக் கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு வாய்க்கும் அவங்க தொண்டையையே பார்த்துட்டிருந்தேன். நாளைக்கும் நான்தான்.

முடிஞ்சா என் பழைய போர்வையை அனுப்புங்க, இங்க ஹாஸ்டல்ல கொடுத்தது குத்துது. பஸ் வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் மறக்காம எழுதுங்கம்மா: எனக்கு முதல் முதலா சோறு ஊட்டினப்போ, உங்களுக்கும் பயமா இருந்துச்சா?

உங்க குட்டி