நீ செருகிய பிளக் வயர்

மச்சான்,

இன்று காலை செய்முறைப் பரீட்சைக்காக ஒரு வான் வண்டியின் பிளக் வயரைத் தளர்த்தி வைத்தேன். பிழையை ஒளித்து வைப்பதுதான் இப்போது என் வேலை. எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது.

நாம் மோட்டார் மெக்கானிக் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு ஸ்பானர் அளவுகூட ஒழுங்காகத் தெரியாது. நீயோ குறிஞ்சாக்கேணியில் உன் அண்ணனின் கராஜில் பத்து வருடம் எண்ணெயில் ஊறியவன். ஆனால் கட்டாரில் வேலைக்கு ஆளெடுத்தவர்கள் சான்றிதழைக் கேட்டார்கள். "என்ட கையப் பாத்தாக் காணாதாமே, கடதாசியும் வேணுமாமே!" என்று எரிந்து விழுவாய்.

பரீட்சையில் முதல் ஆள் நான், அடுத்தது நீ. பரீட்சகர் வானை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டுப் புள்ளித்தாள் எடுக்க உள்ளே போனார். "ஒரு சிலிண்டர் அடிக்கல்ல மச்சான்," என்றாய். நான் ஓம் என்பதற்குள் உன் கை வயரை அழுத்திச் செருகிவிட்டது. ஷொக் அடித்த விரலை உதறிக்கொண்டு, எஞ்சின் சீராக ஓடுவதைக் கேட்டுச் சிரித்தாய். இது கராஜ் இல்லை, பரீட்சை என்று நமக்கு உறைத்தபோது அவர் திரும்பி வந்திருந்தார்.

"ஆர் இதில கை வச்சது?"

அவர் பார்த்தது என்னை.

"நான்தான் சேர். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்க ஏலாமப் போச்சு," என்றாய்.

உன்னை வெளியே அனுப்பினார். எனக்கு வேறு பிழை வைத்தார், தட்டுத்தடுமாறித் தேறினேன். கட்டாருக்கு நான் போனேன். அடுத்த முறை நீ தேறியபோது ஆளெடுப்பு முடிந்திருந்தது. நான் லீவில் வந்து உங்கள் கராஜில் நிற்கும்போதெல்லாம், "அந்த வெயில் உனக்கு, கடல்காத்து எனக்கு" என்று பகிடி விடுவாய். ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. நான்தான் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவேன்.

கட்டாரை விட்டு வந்து நான் வேலை செய்யும், நாம் படித்த இதே நிலையத்தில் இன்று படிக்கிறவர்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பிழை பார்க்கிறார்கள், ஹைபிரிட் கார் திருத்துகிறார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை இருக்கிறது. ஆனாலும் வாசலில் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழ்க் கடதாசியைத்தான். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு தடவை பார்த்துத்தான் போடுகிறேன்.

பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதானே மச்சான் பரீட்சை? அதை நீ ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல் செய்து முடித்தாய். "சேர், அவன் பிழையப் பிடிச்சிட்டானே" என்று அன்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் வாய்ப்பும் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு உன்னிடமும் சொல்லவில்லை.

அந்தப் பரீட்சகர் இருந்த கதிரையில் இப்போது நான் இருக்கிறேன். நீ பாஸ், மச்சான்.